மபுட்டோ உடன்படிக்கை: கையெழுத்துக்குப் பிறகு

ஆப்பிரிக்கப் பெண்களின் உரிமைக்கான மபுட்டோ உடன்படிக்கை 2003-இல் ஏற்கப்பட்டு, 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 55 நாடுகளில் 40-க்கும் மேற்பட்டவை இதற்கு ஒப்புதல் அளித்துள்ளன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது விதி. காலம் தவறாத அரசுகள் குறைவு.

ஆனாலும் சில நாடுகளில் முன்னேற்றம் உண்டு. ருவாண்டா நாடாளுமன்றக் கீழவையில் 2008-லேயே பெண்கள் பெரும்பான்மை பெற்றனர். உலகிலேயே அதுதான் முதல்முறை.

காம்பியாவின் கதை வேறு. பெண்ணுறுப்புச் சிதைப்பை அந்நாடு 2015-இல் தடைசெய்தது. சட்டப்படி முதல் தண்டனை 2023-இல்தான் கிடைத்தது: மூன்று பெண்களுக்கு ஆளுக்கு 15,000 டலாசி அபராதம். அதையும் ஓர் இமாம் கட்டிவிட்டார்! தடையையே நீக்கும் மசோதா 2024 மார்ச்சில் 42 வாக்குகளுடன் நாடாளுமன்றக் குழுவுக்குப் போனது, எதிர்த்தவர் நால்வர். பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடின. ஜூலையில் மசோதா தோற்றது. தடை நீடிக்கிறது.