திண்ணையிலிருந்து எறிந்த காசு

1988இல் பதினொன்றாம் வகுப்பு. எறிபொருள் பாடத்தில் நான் பெயிலாகிக்கொண்டிருந்தேன். வாத்தியார் பலகை நிறைய சூத்திரங்களை எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னார். பறக்கும் நேரத்துக்கு ஒன்று, பெரும உயரத்துக்கு ஒன்று, கிடைத்தள நெடுக்கத்துக்கு ஒன்று. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எதைப் போடுவதென்று தெரியாது. “ஒங்களுக்கெல்லாம் இது ஏறாதுடா. ஸ்காலர்ஷிப் வாங்கத்தான வர்றீங்க” என்றார். வகுப்பே சிரித்தது. படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவதென்று முடிவு பண்ணியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு ஊர்த்தெருவுக்குப் போனேன். களையெடுத்த கூலி வாங்க. ஆண்டை திண்ணைமேல் நின்று காசை எறிவார். கை பட்டால் தீட்டு. அம்மா தெருவில் முந்தானையை ஏந்தி நிற்பாள். அன்றைக்கு அவர் ஒரு காசை எறிந்த அதே நொடியில் இன்னொன்று விரலிடுக்கில் நழுவித் திண்ணையோரம் நேராக விழுந்தது. எறிந்த காசு முந்தானைக்குத் தப்பி எங்கள் காலடியில் விழுந்தது. இரண்டுக்கும் ஒரே சத்தம்.

ராத்திரி சிம்னி விளக்கில் உட்கார்ந்தேன். எறிந்த காசும் நழுவிய காசும் ஒன்றாகத்தான் தரையைத் தொட்டன. அப்படியானால் குறுக்கே போகிற வேகத்துக்கும் கீழே விழுவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகப் போடலாம். அவர் கை தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் விழ 0.6 நொடி. அம்மா நின்றது 3 மீட்டர் தள்ளி. 3ஐ 0.6ஆல் வகுத்தால், நொடிக்கு 5 மீட்டர். அந்த வேகத்தில்தான் எங்கள் கூலி வந்திருக்கிறது.

வாத்தியார் கொடுத்த நெடுக்கச் சூத்திரத்தில் இந்தக் கணக்கு வரவில்லை. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. எறிந்த மட்டத்திலேயே பொருள் திரும்ப விழுந்தால்தான் அது செல்லும். மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனைப் பார்த்து எறிந்தால் செல்லாது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வேகத்தக் கண்டுபுடிச்சிட்ட. கையில குடுக்கச் சொல்லி எவன்டா கேக்கறது?” என்றாள்.

அடுத்த வாரம் அவள் முந்தானையை ஏந்தவில்லை. “கையில குடுங்க” என்றாள். எறிந்தார். பொறுக்காமல் திரும்பி வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கழனியில் எங்களுக்கு வேலை இல்லை. பல நாள் கூழ்தான். நான் சூளைக்குப் போகவில்லை, போகவிடவில்லை. இயற்பியலில் பாஸானேன்.

குறுக்கே சீரான வேகம், கீழ்நோக்கி ஏறிக்கொண்டே போகும் வேகம், இரண்டும் சேர்ந்துதான் வளைந்த பாதை என்று கலீலியோ 1638இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்குக் கண் தெரியாது. வீட்டுக் காவலில் இருந்தார்.

இப்போது எங்கள் காலனியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சூத்திரம் எழுதுவதில்லை. தாளில் நடுவே ஒரு கோடு போடச் சொல்வேன். இந்தப் பக்கம் குறுக்கு, அந்தப் பக்கம் மேல் கீழ். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 30 பாகையில் எறிந்தால் மேல்நோக்கி 10. ஏற 1 நொடி, இறங்க 1 நொடி. குறுக்கே 17.3, 2 நொடிக்கு 34.6 மீட்டர். அவ்வளவுதான். உச்சியில் மேல்நோக்கிய வேகம்தான் பூஜ்யம். பூமி இழுப்பதை நிறுத்துவதில்லை. நிறையப் பேர் அங்கேதான் தப்பு விடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணே, ‘ஒரு பொருள் எறியப்படுகிறது’ன்னே போட்டிருக்கு. எறியறது யாருன்னு போடவே இல்லியே?”

கணக்குக்கு அது வேண்டியதில்லை என்றேன். அப்புறம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அம்மா கதையைச் சொன்னேன்.