நான் கொன்ற இளைஞன்

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞனைக் கொன்றேன். போலீஸார் பதற வேண்டாம், கதையில்தான். காதலிக்காக எடெல்வைஸ் என்ற பூவைப் பறிக்கப் போனவனை ஆல்ப்ஸ் மலையின் செங்குத்துப் பாறையிலிருந்து உருட்டிவிட்டேன். அந்த மலையையோ பூவையோ நான் கண்டதில்லை. கதை வெளிவந்ததும் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "ஒரு பூவுக்காக அந்தப் பிள்ளை சாகத்தான் வேண்டுமா?" 'காதலுக்கு முன் உயிர் எம்மாத்திரம், அம்மா!' என்று பதில் எழுதிவிட்டு, அன்று முழுவதும் பெருமையோடு திரிந்தேன்.

சென்ற வருஷம் ஜூலையில் ஸ்விட்ஸர்லாந்து போகும் யோகம் வாய்த்தது. வில்டர்ஸ்வில் என்ற ஊரில், நம் ஊட்டி ரயிலைப் போலப் பல்சக்கரம் கடித்து ஏறும் ரயிலில் உட்கார்ந்து, ஷீனிகெ பிளாட்டெ என்ற இடத்தில் இறங்கினேன். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். எதிரே ஐகரும் யுங்ஃப்ராவும் பனி போர்த்து நிற்கின்றன. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மலைச் செடிகளுக்கென்று ஒரு தோட்டம். அங்கே ஒரு பெயர்ப் பலகைக்குப் பின்னால், ஒரு சாண் உயரத்துக்கு மேல் இல்லாமல், என் கதாநாயகனின் யமன் நின்றுகொண்டிருந்தது!

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பெயருக்கு அர்த்தம் என்னவோ 'உன்னத வெள்ளை'தான். பார்த்தால், யாரோ பழைய கம்பளியைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது. சாமந்தி, சூரியகாந்தியின் உறவு அது. அந்த வெள்ளையும் இதழ் அல்ல. பஞ்சு போர்த்த இலைகள். நடுவே மஞ்சள் பொட்டுகள் சில. ஒவ்வொரு பொட்டும் பல நுண்ணிய பூக்களின் கொத்து. பஞ்சுப் போர்வை, மலைக்காற்றில் செடி உலர்ந்துபோகாமல் காக்கிறது. உயரத்தில் கடுமையாக இறங்கும் புற ஊதாக் கதிர்களை அந்த ரோமங்களே வாங்கிக்கொள்கின்றன என்று 2005-ல் பெல்ஜியத்து விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். பிழைப்பதற்காக அது செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் நாம் அழகு என்கிறோம்.

எட்டாத பாறையில்தான் அது வளரும் என்பதும் சரியல்ல. சுண்ணாம்புச் சத்துள்ள மலைப் புல்வெளியிலும் வளரும். ஆனால் எட்டாத பூ என்ற கதையைப் பரப்பியவர்களில் ஒருவர் என் தொழிற்காரர். பெர்தோல்ட் அவெர்பாக் என்ற ஜெர்மானியர் 1861-ல் 'எடெல்வைஸ்' என்றே ஒரு நாவல் எழுதி, அந்தப் பூவை வைத்திருப்பதே அபாரத் துணிச்சலுக்கு அத்தாட்சி என்று சொல்லிவைத்தார். எல்லாம் அவரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூவின் மேல் மோகம் ஏறிற்று. பறிக்கப் போய் விழுந்து மாண்டவர்கள் உண்டு. பூவுக்கும் ஆபத்து வந்தது. 1878-லேயே ஒப்வால்டன் மாகாணம் அதைக் காக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அந்த வாசகியின் விலாசம் இப்போது என்னிடம் இல்லை. இருந்தால் இரண்டு வரி எழுதியிருப்பேன்: 'அவன் சாக வேண்டியதே இல்லை, அம்மா. எனக்குத்தான் கதைக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.'