டிஸ்க்கைவிட வழக்குக்கு ஆயுள் அதிகம்

வாச்சாத்திப் பழங்குடி மக்கள்மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து வன்கொடுமை நடத்தியது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011இல். சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். 31 ஆண்டுகள்! கொடுமை நடந்தபோது நம் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகக்கூட இல்லை.

தோழர்களே, ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குக் கம்பெனி தரும் வாரண்டி பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகள்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் ஓசூரில் எங்கள் மினி கணினியைத் திறந்தோம்.

எஃப்.ஐ.ஆர். நகல்கள், காயங்களின் படங்கள், சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சின்னப் பெட்டி என்பதால் பிராசஸரின் சூடு டிஸ்க்கையும் தாக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஏப்ரல் மதியத்தில் 57 டிகிரி காட்டியது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 60தான் எல்லை. அதைவிடக் கவலை தந்தது 'பென்டிங் செக்டர்' என்ற வரி. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, சில இடங்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை. இதைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோடில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தோம். பிளக்கைப் பிடுங்கி, அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினோம். ஃபேனில் அப்பியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தோம். சுவரை ஒட்டியிருந்த பெட்டியைத் தள்ளி வைத்தோம். இப்போது மதியத்திலும் 45ஐத் தாண்டுவதில்லை.

பழைய டிஸ்க்கை எறியவில்லை. கவரில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி வைத்திருக்கிறோம். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண் அது. அதனால் நகலெடுக்கும் முன்னும் பின்னும் ஹாஷ் எடுத்து நோட்டில் எழுதி ஒப்பிட்டோம். “பதிவைத் திருத்திவிட்டார்கள்” என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னால், காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

இன்னொரு நகல் வேறு ஊரில், பாஸ்வேர்டு போட்டு இருக்கிறது. அதில் இருப்பவை நம் மக்களின் பெயரும் முகமும்.

மிரட்டலுக்கு நடுவே ஒரு தாய் நம்மை நம்பிச் சொன்னதை, “அழிந்துவிட்டது, மறுபடி சொல்லுங்கம்மா” என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. மாதம் ஒருமுறை டிஸ்க்கின் சூட்டைப் பாருங்கள்.

ஜெய் பீம்!