சுக்கான் பிடித்த குட்டிப் பெண்

 

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. "இங்கிலாந்தில் என்ன பார்த்தீங்க டீச்சர்?" என்று பலர் கேட்டீர்கள். மகன் வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் கோட்டை, அரண்மனை எல்லாம் பார்த்தேன். ஆனால் மனதில் நிற்பது கேம்பிரிட்ஜில் கேம் ஆற்றங்கரையில் கண்ட ஒரு காட்சிதான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பேத்தி அங்கே முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்தடிகூட இருக்க மாட்டாள். வாயே திறக்க மாட்டாள் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவள். "சின்னப் பாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில வாங்க, நான் படகு ஓட்டுறதைப் பார்க்கலாம்" என்று போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் துடுப்புப் போடுவதில்லை. எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் ஒன்பதாவது ஆள். காக்ஸ் என்பார்கள். சுக்கானைப் பிடித்துப் படகை நடத்துபவர்.

அக்டோபரில் கல்லூரி திறந்ததும் படகுக் குழுவினர் புது மாணவர்களைத் தேடுவார்களாம். உயரமானவர்களைத் துடுப்புக்கு அழைப்பார்கள். குள்ளமாக, எடை குறைவாக இருப்பவர்களிடம் "காக்ஸ் ஆகிறாயா?" என்பார்கள். துடுப்புப் போடாதவர் கனமாக இருந்தால் மற்ற எட்டுப் பேருக்கும் சுமைதானே? அதற்கும் ஓர் எல்லை உண்டு. உலகப் போட்டிகளில் காக்ஸ் 55 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையைப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இவளிடம் முன் அனுபவம் எதுவும் கேட்கவில்லை. நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்களாம்.

வேலை சின்னதில்லை. படகு ஏறத்தாழ 17 மீட்டர் நீளம். துடுப்புப் போடுபவர்கள் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். முன்னால் வருவதைப் பார்ப்பவள் இவள் ஒருத்திதான். அவர்களுடைய வலது கை இவளுக்கு இடப்பக்கம். அது பழகவே சில நாள் ஆனதாம். படகில் பிரேக் கிடையாது. இவள் குரல் கொடுத்தால் எட்டுப் பேரும் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றித் தடுக்க வேண்டும். சுக்கானோ சின்னது. திருப்பினாலும் படகு உடனே திரும்பாது. ஓங்கித் திருப்பினால் வேகம் போய்விடும். முன்கூட்டியே கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

நான் போனது நவம்பர் மாதக் குளிர். கையுறை போட்டும் விரல் மரத்துப்போனது. உயிர்காப்புச் சட்டை மாட்டி, தலையில் மைக் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கரையோரப் பாதையில் சைக்கிளில் கூடவே வந்தாள் பயிற்சி தரும் மூத்த மாணவி. நான் பின்னால் மூச்சு வாங்க நடந்தேன்.

ஒரு வளைவில் படகு நேராகப் போய்க் கரைப் புதரில் முட்டி நின்றது. எனக்குப் பதறிவிட்டது. நானாக இருந்தால் வள்ளென்று விழுந்திருப்பேன். அந்தப் பெண் சைக்கிளை நிறுத்தி, சாதாரணக் குரலில் மூன்று கேள்வி கேட்டாள். என்ன பார்த்தாய்? என்ன சொன்னாய்? அடுத்த முறை என்ன செய்வாய்? எங்கள் குட்டி பதில் சொல்லும்வரை எட்டுப் பேரும் வாய் திறக்காமல் காத்திருந்தார்கள். பிறகு இவளே குரல் கொடுத்துப் படகை வெளியே எடுத்தாள். திரும்பி வரும்போது அதே வளைவில் நூல் பிடித்த மாதிரி வந்தது.

பிறகு தேநீர் குடிக்கும்போது கேட்டேன், "உனக்கு எப்படிடி குரல் வந்தது?"

"முதல் நாள் வரவே இல்ல, சின்னப் பாட்டி. ஆனா சத்தமா பேசுன்னு யாரும் சொல்லல. நீ பார்க்கிறதைச் சொல்லு, எங்களுக்கு முதுகுல கண் இல்லன்னாங்க. அப்புறம் சொல்லாம இருக்க முடியல."

ஆசிரியர் பயிற்சியில் 'செய்து கற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். வகுப்பில் என்ன செய்தேன்? உயரமான பிள்ளை, ஓங்கிய குரல் உள்ள பிள்ளை, அவர்களையே தலைவர் ஆக்கினேன்.

1994-இல் ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு சின்னப் பெண். காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்ல மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "உனக்குக் குரல் பத்தாது, உட்காரு" என்றேன். நான்காம் முறை அவள் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க எதுவுமே கேட்கவில்லை. இத்தனைக்கும் நம் பள்ளியில் மைக் இருந்தது.

ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தேம்ஸ் நதியில் நடக்கும் படகுப் போட்டி 1829-இல் தொடங்கியது. ஆண்கள் படகில் காக்ஸாக முதன்முதலில் ஒரு பெண் உட்கார்ந்தது 1981-இல். சூ பிரவுன் என்பவர். ஆக்ஸ்போர்டு வென்றது. ஒன்றரை நூற்றாண்டு யாரும் இடம் தரவில்லை. தந்ததும் நடத்திக் காட்டினார்.

அந்தப் பெண் இதைப் படிக்கிறாளா என்று தெரியாது. படித்தால், கண்ணு, தப்பு உன் குரலில் இல்லை. டீச்சர் காதில்தான். மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு போன் செய். இந்த முறை நீ பேசு, நான் கேட்கிறேன்.

உங்களில் பாதிப் பேர் இன்று ஆசிரியர்கள், மற்றவர்கள் பெற்றோர்கள். நாளைக்கே ஒரு வாய்மூடிப் பிள்ளையிடம் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். கரையில் முட்டினால் முட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்