ஐஸுக்குப் போர்த்திய கோணி

போன வாரம், ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அறிவியல் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெப்பமும் வெப்பநிலையும் பற்றிய பாடம். "தாத்தா, எவர்சில்வர் தட்டும் சப்பாத்திப் பலகையும் ராத்திரி முழுக்க ஒரே அடுக்களையிலதானே இருக்கு? தட்டைத் தொட்டா மட்டும் ஏன் சில்லுனு இருக்கு?" என்று கேட்டாள்.

பதில் சொல்லாமல், ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு ஐஸ் கட்டி எடுத்து வரச் சொன்னேன். ஒன்றைத் தட்டில் வைத்தோம், ஒன்றைப் பலகையில். எது முதலில் உருகும் என்றேன். "பலகையில இருக்கறதுதான். தட்டுதான் சில்லுனு இருக்கே!" என்றாள். கொஞ்ச நேரத்தில் தட்டில் இருந்தது கரைந்து ஓட ஆரம்பித்தது. பலகையில் இருந்தது பெரிதாக மாறவில்லை. வாயைப் பிளந்தாள்.

தட்டும் பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் தட்டு எளிதிற்கடத்தி, மரம் அரிதிற்கடத்தி. நம் கையிலிருந்து வெப்பத்தைத் தட்டு வேகமாக வாங்கிக்கொள்கிறது; நமக்குச் சில்லிடுகிறது. அதே வேகத்தில் தன்னிடமும் சுற்றிலும் உள்ள வெப்பத்தை ஐஸுக்குக் கொடுத்துவிடுகிறது, ஐஸ் உருகுகிறது. நம் கை வெப்பமானி அல்ல. வெப்பம் எவ்வளவு வேகமாக வருகிறது, போகிறது என்பதைத்தான் அது உணர்கிறது.

பேத்தி சந்தோஷமாக எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

1979-ஆம் வருடம். அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில், கடலோரக் கிராமம் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். வயது 26. அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சி பெற்றவன். தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் நான்தான். அறிவியலை முதல் நாள் இரவு அரிக்கேன் வெளிச்சத்தில் படித்துவிட்டு, மறுநாள் வந்து ஒப்பிப்பேன்.

அன்று வெப்பம் பாடம். "குளிருக்குக் கம்பளி ஏன் போர்த்திக்கொள்கிறோம்?" என்று கேட்டேன். "கம்பளி சூடு கொடுக்கும் சார்" என்றார்கள். சரி என்றேன். "அப்படியானால் ஐஸைக் கம்பளியில் சுற்றினால்?" என்றேன். "சீக்கிரம் உருகிடும் சார்" என்று வகுப்பே கத்தியது. அதற்கும் சரி என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பெயர் வேண்டாம். அவன் அப்பா ஐஸ் கம்பெனியிலிருந்து கரைக்குச் சைக்கிளில் ஐஸ் பார் கொண்டுவந்து போடுகிறவர். "உருகாது சார். கோணி போட்டு உமி கொட்டி மூடினா விடிய விடிய நிக்கும். தெறந்து வச்சாத்தான் சார் உருகும்" என்றான்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சொன்னதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், இவன் முன்னால் நான் சின்னவனாகிவிடக் கூடாது என்பதுதான். "புத்தகத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமோ? வெளியே போய் நில்" என்றேன். சித்திரை வெயில். மணி அடிக்கும்வரை கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நின்றான். செருப்பு கிடையாது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் கோணி மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். ஒன்றும் பேசாமல் வகுப்பின் மூலையில் வைத்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கடைசிப் பாடவேளையில் எழுந்து போய்ப் பிரித்தான். உமிக்குள் கையை விட்டு, தேங்காய் அளவு ஐஸ் கட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தான்.

உண்மையில் புத்தகத்தில் தப்பு இல்லை. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. கம்பளி யாருக்கும் சூடு கொடுப்பதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடக்க விடுவதில்லை, அவ்வளவுதான். உள்ளே மனிதன் இருந்தால் அவன் உடம்புச் சூடு வெளியே போகாது. உள்ளே ஐஸ் இருந்தால் வெளிச் சூடு உள்ளே வராது.

பின்னாளில் ஒரு செய்தி படித்தேன். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரி ஐஸை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல், 4 மாதம் கடலில் வந்து கல்கத்தா சேர்ந்தபோது, 180 டன்னில் ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்ததாம். அந்த வியாபாரத்துக்காகக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். வைக்கோலும் மரத்தூளும் கோடிக்கணக்கில் வியாபாரம் நடத்தியிருக்கின்றன. அதே வித்தையைத்தான் என் மாணவன் சொன்னான்.

அன்று மேசைமேல் ஐஸ் இருந்தபோது நான் சொன்னது, "சரி, போய் உட்காரு." அவ்வளவுதான். "நீ சொன்னதுதான் சரி" என்ற மூன்று வார்த்தை வாயில் வரவில்லை. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. உயர்நிலைப்பள்ளி தூரம், வீட்டில் கஷ்டம் என்று காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்தக் கொடிக்கம்பத்தை என்னால் கணக்கிலிருந்து கழிக்க முடிந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம், 2012-இல், மீன் அங்காடியில் "சார்!" என்று ஒரு குரல். நரைத்த தலை, சிரிப்பு மட்டும் அப்படியே. சொந்தமாக ஐஸ் வண்டி வைத்திருந்தான். என் பையில் மீனை வைத்து, ஐஸை நொறுக்கிப் போட்டு, சணல் சாக்கில் சுற்றிக் கட்டினான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

"அன்னிக்கு வகுப்புல நீ ஐஸ் கொண்டுவந்தியே, நீ சொன்னதுதாம்ப்பா சரி. நான்தான் தப்பு" என்றேன். 33 வருடம் வைத்திருந்த வார்த்தை.

அவன் யோசித்தான். "ஐஸ் கொண்டாந்ததா? அது ஞாபகம் இல்லீங்களே சார். வெயில்ல நிக்க வச்சது ஞாபகம் இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வந்து பிரித்தபோது ஐஸ் அப்படியே இருந்தது.

மறுநாள் பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்து, "அப்புறம் சாரி சொன்னீங்களா தாத்தா?" என்றாள். தப்பு என்று சொன்னேன், மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் அங்காடிக்குப் போவதாக இருக்கிறேன். பேத்தியும் வருகிறேன் என்கிறாள்.