காசிமேட்டு இங்கிலீஷ்!

‘குட்மார்னிங் டு ஒன் அண்ட் ஆல் பிரசென்ட் ஹியர்...’

இது வரைக்கும் எல்லாருக்கும் வந்துடும் பாஸ். அடுத்த வரியிலதான் ஆளே காலி! ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணினது மொத்தமும் ஃபேன் காத்துல பறந்துடும். உள்ளங்கை வேர்க்கும். கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் ‘க்ளுக்’னு சிரிப்பான். அன்னிக்கு இறங்கி ஓடினவங்க, ஃபைனல் இயர் வைவா வரைக்கும் மைக் இருக்கற திசையில தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க.

உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டா? அப்போ கையைக் கொடுங்க! செகண்ட் இயர் செமினார்ல நான் எடுத்துக்கிட்ட தலைப்பு, துறைமுகம். நமக்குத்தான் வீடு தண்டையார்பேட்டையாச்சே, பின்னிடலாம்னு ஒரு தைரியம். கடல்ல கப்பலுக்கு வழி காட்ட மிதவை போட்டிருப்பாங்க இல்லையா... அதுக்கான இங்கிலீஷ் வார்த்தையை, ஸ்பெல்லிங்கை நம்பி ‘புவாய்’னு படிச்சேன். கிளாஸே சிரிச்சுது. சாரும் சேர்ந்து சிரிச்சார். மிச்சம் இருந்த ஏழு பக்கத்தையும் மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்த வார்த்தையை பிரிட்டிஷ்காரர் ‘பாய்’னு சொல்றார், அமெரிக்கக்காரர் ‘பூயி’னு சொல்றார். சொந்த மொழிக்காரங்களுக்குள்ளயே ஒத்துப்போகலை. நான் மட்டும் எதுக்கு ஓடினேன்?

அந்தக் கேள்வியோட ஒரு ஞாயித்துக்கிழமை வடசென்னையைச் சுத்தி வரலாம், வாங்க. ‘இங்கிலீஷ்ல மேடை ஏறிப் பேசறதுக்கும் காசிமேட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?’னு கேட்கறீங்களா... இருக்கு!

முதல் கண்டிஷன், விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல இருக்கணும். விசைப்படகுலேர்ந்து கூடை கூடையா இறக்குவாங்க. வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, இறால்... ஐஸ் உடைக்கிற சத்தம், ட்ரைசைக்கிள் ஹாரன், ‘நவுரு நவுரு’ங்கற குரல்னு காது ரெண்டும் அடைச்சுப் போகும். அந்த இரைச்சலுக்கு நடுவுல ஏலம் விடறவரைக் கொஞ்சம் கவனிங்க. மைக் கிடையாது, பேப்பர் கிடையாது. மீனை அவர் பார்க்கறதே இல்லை, சுத்தி நிக்கிறவங்க முகத்தைத்தான் பார்க்கறார். ஒரு விலையைச் சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்துறார். யாராவது தலையை அசைச்சா, அதே விலையை இன்னொரு தடவை சொல்லிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறார். பப்ளிக் ஸ்பீக்கிங் கோர்ஸுக்கு ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டறவங்களுக்குச் சொல்லித் தர்ற பாதி சமாச்சாரம் இதுதான். இங்கே டிக்கெட் இல்லை, செருப்புதான் நனையும்.

அப்படியே கரையோரமா கல்லு கொட்டி வெச்சிருக்கற இடத்துக்கு வந்து உட்காருங்க. பழைய கிரேக்கத்துல டெமாஸ்தனிஸ்னு ஒருத்தர். பேச்சு திக்கும். வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசிப் பழகினார், கடலோரம் போய் அலைச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திக் குரலை வளர்த்தார்னு கதை சொல்லுவாங்க. கூழாங்கல் வேணாம் சாமி, காசிமேட்டுக் கல்லை வாயில போட்டா ஆஸ்பத்திரிதான். அலை மட்டும் போதும்.

தூரத்துல வரிசையா கப்பல் நிக்குது பாருங்க, துறைமுகத்துக்குள்ள வர முறைக்காகக் காத்திருக்கு. 1884 ஏப்ரல்ல ‘ரிவர்ஸ்டேல்’னு ஒரு கப்பல் இதே மெட்ராஸுக்கு வந்துது. அதுல செகண்ட் மேட்டா இருந்த 26 வயசு போலந்துக்காரர், கேப்டனோட லடாய் ஆகி இங்கேயே இறங்கிட்டார். அப்புறம் பம்பாய் போய் வேற கப்பல் பிடிச்சார். அவர்தான் பின்னாடி ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ எழுதின ஜோசப் கான்ராட்! நீங்க இங்கிலீஷ் மெயினா இருந்தா சிலபஸ்ல பார்த்திருப்பீங்க. அவருக்கு போலிஷ், ஃப்ரெஞ்ச் ரெண்டுக்கும் அப்புறம் வந்த மூணாவது மொழி இங்கிலீஷ். இருபது வயசுக்குப் பக்கத்துலதான் கத்துக்கவே ஆரம்பிச்சார். எழுத்துல ராஜா. ஆனா, வாயைத் திறந்தா போலந்து வாடை கடைசி வரைக்கும் போகலை. 

1923-ல நியூயார்க்ல ஒரு பெரிய வீட்டுல கூட்டம். 65 வயசுல அவர் தன்னோட ‘விக்டரி’ நாவல்லேர்ந்து வாசிச்சுக் காட்டணும். எழுந்து நின்னதும் அவருக்கும் நம்மளை மாதிரியே உதறல். அதை அவரே மனைவிக்கு எழுதின கடிதத்துல சொல்லியிருக்கார். கைக்கடிகாரம் கட்டற ஆள் இல்லை, பாக்கெட் வாட்ச். அதை எடுத்து மேஜை மேல வெச்சார். மனசைத் திரட்டிக்கிட்டு ஆரம்பிச்சார். ஒண்ணே கால் மணி நேரம்! கதாநாயகி சாகற கட்டம் வந்தப்போ கூட்டத்துல மூக்குறிஞ்சற சத்தம் கேட்டுதாம். அந்த உச்சரிப்பை வெச்சுக்கிட்டு அழவெச்சிருக்கார் மனுஷன். செமினார்ல நான் என்ன பண்ணியிருக்கணும்னு அப்போதான் உறைச்சுது. ஒரு வாட்ச்சை எடுத்து டேபிள் மேல வெச்சிருக்கலாம்.

கான்ராடை விடுங்க, இப்போ அந்தக் கப்பல்கள்ல என்ன பேசறாங்க தெரியுமா? கேப்டன் உக்ரைன்காரரா இருப்பார். மேட் ஃபிலிப்பைன்ஸ், இன்ஜினீயர் கேரளா, உள்ளே கூட்டிட்டு வர்ற பைலட் நம்ம ஊர்க்காரர். வயர்லெஸ்ல எல்லாருக்கும் பொது இங்கிலீஷ்தான், ஆனா ஒருத்தருக்கும் அது தாய்மொழி இல்லை! தப்பாப் புரிஞ்சா கப்பல் முட்டிக்கும். அதனால சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல கப்பல் பேச்சுக்குன்னே ஒரு இங்கிலீஷை ஒழுங்குபண்ணி வெச்சிருக்கு. அதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு விரிஞ்சுது பாஸ். மேடை பயம் இருக்கற பசங்களுக்குன்னே எழுதினது மாதிரி இருக்கு!

பேசறதுக்கு முன்னாடி, என்ன பேசப் போறோம்னு ஒரே வார்த்தையில சொல்லிடணும். ‘கொஸ்டின்’னு ஆரம்பிச்சா கேள்வி வருது. ‘வார்னிங்’னா எச்சரிக்கை. கேட்கறவர் காதைத் தயார் பண்ணிக்குவார். ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’னு வழவழா வார்த்தையைத் தவிர்க்கணும். எண்ணைத் தனித்தனியா உடைச்சுச் சொல்லணும், 150-ன்னா ‘ஒன்-ஃபைவ்-ஜீரோ’. முக்கியமான வரியா, ‘ரிபீட்’னு சொல்லிட்டு இன்னொரு தடவை சொல்லணும். காதுல விழலையா, வெட்கப்படாம ‘சே அகெய்ன்’. பதில் உடனே தெரியலையா, ‘ஸ்டேண்ட் பை’னு சொல்லிட்டு எவ்வளவு நேரம்னும் சொல்லணும். முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது, தப்பு பண்ணினா என்ன பண்றதுங்கறதுதான். ஸ்பீடு 12 நாட்னு சொல்றதுக்குப் பதிலா 14-னு வாய் தவறிடுச்சு. உடனே ‘மிஸ்டேக்’னு சொல்லணும். அடுத்து, ‘கரெக்ஷன்’. அப்புறம் சரியான எண். அவ்வளவுதான், பேச்சு தொடரும்! யாரும் ஸாரி கேட்கறதில்லை, நாக்கைக் கடிச்சுக்கறதில்லை. கப்பல் நின்னுடுமா என்ன? ஒரு ‘புவாய்’க்காக ஏழு பக்கத்தை முழுங்கின எனக்கு இது மட்டும் அப்போ தெரிஞ்சிருந்தா!

சரி, பசிக்குது. ராயபுரத்துல ரெண்டு இட்லி, ஒரு வடகறி. அடுத்து ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18-ம் தேதி கொட்டுற மழையில தி.மு.க.வோட தொடக்க விழாக் கூட்டம் நடந்த இடம். நீங்க எந்தக் கட்சியா வேணா இருங்க, எந்தக் கட்சியும் இல்லாமகூட இருங்க... மேடைப் பேச்சைப் பத்திப் பேசிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. இங்கே தமிழ்ல பேசின அண்ணா, காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பையன். 1962-ல ராஜ்யசபாவுல எழுந்து, ஒரு அவையே எதிர்க்கற கருத்தான திராவிட நாடு கோரிக்கையை இங்கிலீஷ்ல எடுத்துவெச்சார். 1968-ல யேல் பல்கலைக்கழகம் கூப்பிட்டு மாணவர்களோட பேசவெச்சது. நம்ம பசங்களுக்கு அண்ணா இங்கிலீஷ்னாலே ஒரே வாக்கியத்துல மூணு ‘பிகாஸ்’ போட்ட கதைதான் ஞாபகம் வரும். அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. மேடை அவருக்குத் தமிழ்லயே பழகியிருந்தது. எங்கே நிறுத்தணும், எப்போ குரலை இறக்கணும்னு உடம்புக்கே தெரியும். அதே ஆள்தான் டெல்லியில இங்கிலீஷ்ல நின்னார்.

அதனால, கல்ச்சுரல்ஸ்ல தமிழ்ப் பட்டிமன்றத்துல வெளுத்து வாங்கிட்டு, இங்கிலீஷ் செமினார்னா லீவ் லெட்டர் எழுதற பார்ட்டியா நீங்க? உங்ககிட்ட முக்கால்வாசி சரக்கு ஏற்கெனவே இருக்கு. முதல்ல தமிழ்ல பேசிப் பாருங்க. அதையே சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க ப்ளீஸ், ஒரு வார்த்தை நழுவினா மொத்த மாலையும் அவுந்துடும்.

ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்துலதான். 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் ஆற்காட்டுக்குக் கிளம்பினது இங்கேருந்துதான். நாம எண்ணூர் வரைக்கும் போறோம். ப்ளாட்பாரத்துல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் அறிவிப்பு வரும்போது, அந்தம்மா கூடவே முணுமுணுத்துப் பாருங்க. பக்கத்துல நிக்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டினா திருவொற்றியூர். இந்தியாவுல புல்லட் செய்ய ஆரம்பிச்ச ஊர். அப்புறம் விம்கோ நகர், கத்திவாக்கம்... எண்ணூர் வந்தாச்சு, இறங்குங்க.

முகத்துவாரக் குப்பத்துக்கிட்ட கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுது. எதிர்ல அனல்மின் நிலையப் புகைபோக்கி. 2017 ஜனவரி 28-ம் தேதி விடியக்காலை, இந்தக் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. மீனவர்களும் மாணவர்களும் வாளியில அள்ளினாங்க, ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் ஆத்துக்குள்ளயே வந்து, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் படிஞ்சுது. அந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போச்சு. அங்கே அலுவல் மொழி இங்கிலீஷ். நிபுணர் அறிக்கை இங்கிலீஷ். எண்ணெய் ஒட்டின கை மட்டும் தமிழ். கால்சென்டர் வேலைக்கும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் இங்கிலீஷ் வேணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் வேற சொல்லணுமா? இந்த ஊர்ப் பிள்ளைங்க யாராவது ஒருத்தர் எழுந்து மூணு நிமிஷம் பேசினா, அறிக்கையில இல்லாதது வெளியே வரும்.

என் சித்தி பொண்ணு இங்கேதான் இருக்கா. பி.காம். ஃபர்ஸ்ட் இயர். அடுத்த வாரம் காலேஜ்ல மூணு நிமிஷப் பேச்சு, இங்கிலீஷ்ல. இணையத்துல தேடி ‘குளோபல் வார்மிங்’னு ஒரு கட்டுரையைப் பிரின்ட் எடுத்து வெச்சிருந்தா. “அது வேணாம்மா, உங்க வீட்டுச் சுவத்தைப் பத்திப் பேசு”ன்னேன். “போண்ணா, சிரிப்பாங்க” என்றாள்.

கவுத்துப் போட்டிருந்த படகு மேல என் வாட்ச்சைக் கழட்டி வெச்சோம். நான் நாப்பது அடி தள்ளி நின்னுக்கிட்டேன். காத்து, அலை, தூரத்துல லாரிச் சத்தம். ஆரம்பிச்சா. முதல் வரி எனக்குக் கேட்கவே இல்லை. கையைத் தூக்கி ‘சே அகெய்ன்’னேன். முறைச்சா. இன்னும் சத்தமா ஆரம்பிச்சா. வெள்ளம் வந்த ராத்திரி, காலையில கதவைத் திறந்தா கருப்புத் தண்ணி, பாட்டியோட கால்ல அரிப்புன்னு சின்னச் சின்ன வாக்கியம். நடுவுல வருஷத்தை 2022-னு சொல்லிட்டா. நின்னா. என்னைப் பார்த்தா. “மிஸ்டேக்” என்றாள். “கரெக்ஷன். டூ-ஜீரோ-டூ-த்ரீ.” தொடர்ந்தா!

பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார்.

“இன்னா கண்ணு, இங்கிலீஷ்லயே போட்டுத் தாக்கறே... இன்னா சொல்றே, தமிழ்ல சொல்லு பாப்போம்?”

சொன்னா. முழுசாக் கேட்டார். “எல்லாம் கரீட்டுதான். ஆனா, எண்ணெ முட்டி வரைக்கும்னு சொன்னே பாரு, அது தப்பு. எங்க தெருவுல இடுப்பு வரைக்கும் கறை இருந்துச்சு. அளந்து பாத்தவன் நானு.”

அவ வாட்ச்சை எடுத்து நேரம் பார்த்தா. திரும்பவும் படகு மேல வெச்சா. “கரெக்ஷன்” என்று ஆரம்பிச்சா.