மூணாம் நம்பர் வுட்டா, ஹைப்ரிடா?

தில்லி பக்கம் வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் இந்தி கத்துக்கறாங்களோ இல்லையோ, நாலஞ்சு வருஷத்துல கோல்ஃப் கத்துக்கறாங்க. பெரிய காரணம் ஒண்ணும் இல்லை, கஸ்டமர் ஆடறார்! லாடோ சராயில் இருக்கிற குதுப் கோல்ஃப் மைதானம் என்னை மாதிரி ஆட்களுக்கு ரொம்ப வசதி. டிடிஏ நடத்துவது, 2000-ல் திறந்தது. மெம்பராக இல்லாவிட்டாலும் காசைக் கட்டிட்டு ஆடலாம்.

அங்கே ஓயாத சண்டை ஒண்ணு உண்டு. பந்து புல்லுல கிடக்கு, இன்னும் 180 கெஜம் போகணும். சுமாரா ஆடறவன் பையிலிருந்து எதை உருவணும்? ஃபேர்வே வுட்டா, ஹைப்ரிடா?

(வுட்னா மரம் இல்லீங்க. ஒரு காலத்துல பெர்சிமன் மரத்துல செஞ்சாங்க. இப்ப தலை எஃகு, டைட்டானியம்னு ஆயிடுச்சு. பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.)

என் கட்சி ஹைப்ரிட். காரணம் எளிசு. 3-ம் நம்பர் வுட் கிட்டத்தட்ட 43 அங்குல நீளம், முகத்தோட சாய்வு 15 டிகிரி. 4-ம் நம்பர் ஹைப்ரிட் சுமார் 40 அங்குலம், சாய்வு 22 டிகிரி. மட்டை நீளமானா பந்தை நடு முகத்துல வாங்குறது கஷ்டம். சாய்வு குறைஞ்சா பந்தை எழுப்ப நல்ல வேகம் வேணும். நம்மகிட்ட ரெண்டும் கிடையாது. வுட்டைப் புல்லோடு புல்லா பெருக்கற மாதிரி வீசணும். ஹைப்ரிடை அயர்ன் மாதிரி லேசா இறக்கி அடிச்சாலே போதும், எழும்பிடும்.

போதாக்குறைக்கு தில்லிக் குளிர். இங்கே தூப்னு சொல்ற புல் நம்ம ஊர் அருகம்புல்தான். டிசம்பர், ஜனவரியில காய்ஞ்சு பழுப்பாப் படுத்துடும். பந்துக்குக் கீழே மெத்தையே இருக்காது. அந்தத் தரையில 3-ம் நம்பர் வுட் எடுக்கறது வம்பை விலைக்கு வாங்கறது. மழைக்காலத்துல தலைகீழ். ஓரத்துப் புல் கணுக்கால் வரை நிக்கும். அதுல வுட்டோட அகலமான தலை சிக்கிக்கும், ஹைப்ரிட் நுழைஞ்சு வந்துடும்.

எங்க ஆபீஸ்ல ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. 54 வயசு, முழங்கால் வலி. "ஹைப்ரிடெல்லாம் கிழவனுங்க மட்டை"ன்னு ஒரு பெரிய மனுஷர் கிண்டல் பண்ணிட்டார். அதுலேர்ந்து அண்ணாச்சி வுட்டையே புடிச்சுத் தொங்கினார். பந்து முப்பது கெஜம் உருளும், அவ்வளவுதான். "போதும்வே, மட்டையை வித்துட்டு நடைக்குப் போறேன்"னார். எனக்கு மனசு கேக்கலை. ஞாயிறு காலைல அவர் மனசு விட்டுச் சிரிச்சுப் பார்த்த ஒரே இடம் அந்த மைதானம்தான்.

"அண்ணாச்சி, 2004-ல ராயல் ட்ரூன்ல டாட் ஹாமில்டன் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சார். கிரீனுக்குப் பக்கத்துலகூட ஹைப்ரிடாலதான் தட்டி விட்டார். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்ல ஒய். இ. யாங் கடைசிக் குழியில ஹைப்ரிட் எடுத்துதான் டைகர் உட்ஸை முடிச்சார். அவங்கள்லாம் கிழவனுங்களா?"ன்னேன்.

கேடி ஒரு படி மேலே போய், வுட்டைப் பைக்குள்ளேயே திணிச்சு, "சாப், சோட்டா வாலா"ன்னு ஹைப்ரிடை நீட்டினார். தொலைஞ்ச பந்தைத் தேடித் தேடி அவருக்கும் கால் வலிதானே.

ஒரு விதிவிலக்கு சொல்லணும். சிலருக்கு ஹைப்ரிட்ல பந்து இடது பக்கமா வளைஞ்சு ஓடும். இயல்பாவே பெருக்கி அடிக்கிற கைக்காரங்களும் இருக்காங்க. அவங்களுக்கு 7-ம் நம்பர் வுட் நல்லது. சாய்வு 21 டிகிரி பக்கம், பந்து உயரமாப் போய் மெத்துனு இறங்கும். 2020-ல மாஸ்டர்ஸ் ஜெயிச்ச டஸ்டின் ஜான்சன் பையிலேயே அது இருந்தது. 3-ம் நம்பரை மட்டும் டீ மேல வச்சு அடிக்கறதோட நிறுத்திக்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் கடன் வாங்கி ஆளுக்குப் பத்துப் பந்து அடிச்சுப் பாருங்க. ரேஞ்ச்ல போட்டிருக்கற பாய் மேல வேண்டாம். மட்டை பந்துக்குப் பின்னாடி பட்டாலும் பாய்ல வழுக்கிட்டுப் போய் நல்ல அடி மாதிரி காட்டும். நிஜப் புல்லுல அடிங்க. நல்லா விழுந்த ஒரு பந்தை மறந்துட்டு, மோசமா விழுந்த அஞ்சு எவ்வளவு தூரம் போச்சுன்னு பாருங்க.